வண்டியை உயர்த்தினால் வீல் அலைன்மென்ட் என்ன ஆகும்? தார், ஜிம்னி, ஜிப்ஸி மூன்றுக்கும் மூன்று கணக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் 2021 மஹிந்திரா தார், 245/75 ஆர்16 டயர். ரப்பர் தோட்டத்துக்குத் தினமும் ஏறி இறங்குகிற வண்டி, மழைக்காலத்தில் அடி தட்டுகிறது. முன்னால் ஸ்பேசர் (உயரத்துக்காக இடையில் வைக்கும் கட்டை), பின்னால் உயரமான ஸ்பிரிங், 33 இன்ச் டயர் எல்லாம் ஒரே நாளில் போட்டு, கடைசியில் அலைன்மென்ட்டும் பார்த்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். போடலாமா, அலைன்மென்ட் என்ன ஆகும், சித்தப்பா வீட்டு மாருதி ஜிம்னிக்கும் பழைய ஜிப்ஸிக்கும் இதே கணக்குதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உயர்த்தலாம். ஆனால் அவர் சொல்கிற அளவும் வேண்டாம், அந்த வரிசையும் வேண்டாம். எத்தனை இன்ச் உயர்த்தலாம் என்பதை முடிவு செய்வதே அலைன்மென்ட்தான். சக்கரத்தின் கோணங்களைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடிகிற வரைக்கும்தான் வண்டியைத் தூக்க வேண்டும். அதைத் தாண்டினால் டயர், ஆக்சில் பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை), பால் ஜாயின்ட் என்று வரிசையாகச் செலவு வரும்.

முதலில் எது தட்டுகிறது என்று பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு டார்ச்சோடு அடியில் பாருங்கள். கீறல் இருக்கிற இடம்தான் பதில். பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாக இருக்கும் கிரவுன் ஹவுசிங்கில் கீறல் என்றால், லிஃப்ட் உங்களுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட உதவாது. தாரின் பின் ஆக்சில் ஒரே கட்டையானது. அது சக்கரத்தோடு நிற்கிறது, சேஸிஸோடு ஏறாது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. கீறல் ஃபுட் ஸ்டெப்பிலோ, கியர் பெட்டிக்குக் கீழே உள்ள தகட்டிலோ இருந்தால் லிஃப்ட் பலன் தரும். ஃபுட் ஸ்டெப் மட்டும்தான் தட்டுகிறது என்றால் அதைக் கழற்றிவிட்டாலே போதும், காசே ஆகாது. முன் பம்பரின் கீழ் விளிம்பு என்றால் பம்பரை மாற்றுவது லிஃப்டைவிட மலிவு.

நம் மாவட்டத்துத் தோட்டச் சாலைகளில் பெரும்பாலும் தட்டுவது கிரவுன்தான். லாரியும் டிராக்டரும் போய்ப்போய்ச் செம்மண்ணில் இரண்டு பள்ளத் தடம் விழும். நடுவில் மேடு நிற்கும். ஜூனில் தொடங்கும் மழையும் அக்டோபரில் தொடங்கும் மழையும் அந்தத் தடத்தை இன்னும் அறுத்துவிடும். அந்த மேட்டில் உரசுவது கிரவுன். இங்கே லிஃப்டைவிட டயரும், ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டின் மேல் ஏற்றி ஓட்டுகிற பழக்கமும்தான் காப்பாற்றும்.

டயர் கணக்கு சுலபம். 245/75 ஆர்16 என்றால் பக்கச் சுவர் 245-ல் 75 சதவீதம், அதாவது 183.75 மி.மீ. அது மேலும் கீழும் சேர்ந்து 367.5, ரிம் 16 இன்ச், 406.4 மி.மீ. மொத்த உயரம் 774 மி.மீ. இதே கணக்கில் 265/75 ஆர்16 என்பது 804 மி.மீ.; 33 இன்ச் என்று கடையில் சொல்லும் 285/75 ஆர்16 என்பது 834 மி.மீ. கிரவுன் உயர்வது வித்தியாசத்தில் பாதி. 265 போட்டால் 15 மி.மீ., 285 போட்டால் 30 மி.மீ. அந்த 30 மி.மீ.க்குக் கொடுக்கிற விலை என்ன? கியர் விகிதம் 7.75 சதவீதம் நீண்டுவிடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 65-ல் ஓடும். ஒவ்வொரு சக்கரமும் பல கிலோ கூடும். அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் சக்தி வேண்டும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். கதவில் தொங்கும் ஸ்டெப்னி கீலுக்கும் அதே பாரம் ஏறும். 265-ல் இந்த வித்தியாசம் 3.9 சதவீதம்தான். உங்கள் பாதைக்கு 265 போதும் என்பது என் முடிவு.

இனி தாரின் முன்பக்கம். சிக்கல் முழுவதும் இங்கேதான். 2020-க்குப் பின் வந்த தாரில் முன்னால் டபுள் விஷ்போன்: மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், நடுவில் சுருள் ஸ்பிரிங் சுற்றிய ஷாக் அப்சார்பர். அதற்கு முந்தைய சி.ஆர்.டி.இ. தாரில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலையைச் செய்யும் கம்பி. இரண்டிலுமே வண்டியைத் தூக்குவது என்றால் இந்த ஆர்ம்களைக் கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பதுதான். ஆர்ம் சாய்ந்தால் அதன் நுனியில் இருக்கும் பால் ஜாயின்ட் நேர்க்கோட்டில் இறங்காது, வளைவாக இறங்கும். மேல் ஆர்ம் குட்டை, கீழ் ஆர்ம் நீளம். இரண்டும் வெவ்வேறு வளைவில் போவதால் சக்கரம் சாய்ந்துவிடுகிறது. பெரும்பாலும் சக்கரத்தின் மேல்பகுதி வெளியே தள்ளும். அதாவது கேம்பர் பாசிட்டிவ் பக்கம் போகும், டயரின் வெளி ஓரம் தேயும். கூடவே, சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடும் சாய்வதால் டோ மாறும். மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவுதான் டோ. டோ உள்ளே போகுமா வெளியே போகுமா என்பது ஸ்டியரிங் ராக் ஆக்சிலுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஊகிக்க வேண்டாம், அளக்க வேண்டும். டோ கெட்டுப்போன டயரைக் கையால் தடவினால் தெரியும்: ஒரு பக்கமாகத் தடவும்போது வழுவழுப்பாகவும், எதிர்ப்பக்கம் தடவும்போது பிசிறு குத்துவது போலவும் இருக்கும். கேம்பர் கெட்டதற்கு அப்படிப் பிசிறு வராது, ஒரு ஓரம் மட்டும் சீராகத் தேயும்.

மூன்றாவது கோணம் காஸ்டர். சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு அது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தான் கையை எடுத்தாலும் அது நேராகப் போகிறது. இங்கேயும் அதே வேலைதான். லிஃப்டில் இந்தச் சாய்வு குறைந்தால் வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. வேகத்தில் வண்டி அலையும். டயர் தேய்மானத்தில் இது தெரியாது என்பதால் கடையிலும் கவனிக்கமாட்டார்கள். நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு பக்கம் போகும்போது, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே பக்கக்காற்று அடிக்கும் பாருங்கள், அங்கேதான் காஸ்டர் குறைந்த வண்டி தன்னைக் காட்டிக்கொடுக்கும். உயரமான வண்டி, கனமான டயர், காஸ்டர் இல்லை என்றால் 70-ல்கூட இரண்டு கையும் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும்.

கடையில் சொல்லும் ஸ்பேசர் இரண்டு வகை. ஒன்று ஷாக்கின் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வைப்பது. ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டாம், வேலை எளிது. ஆனால் ஷாக் முழுவதும் கீழே தள்ளப்படுவதால் சக்கரம் தொங்கும்போது கம்பெனி நினைத்த எல்லைக்கும் கீழே போகும். மேல் பால் ஜாயின்ட்டும், ஆக்சிலைச் சக்கரத்தோடு இணைக்கும் சி.வி. ஜாயின்ட்டும் அளவுக்கு மீறி மடங்கும். இன்னொன்று ஸ்பிரிங்குக்குள் வைத்து அழுத்தம் ஏற்றுவது. ஷாக்கின் நீளம் மாறாது, ஆகவே ஜாயின்ட்டுகள் பிழைக்கும். ஆனால் வண்டி நிற்கும் உயரத்திலிருந்து சக்கரம் கீழே இறங்க மிச்சமிருக்கும் தூரம் குறையும். பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும். வேகத்தடையில் ஷாக் முழுதும் நீண்டு ‘டங்’ என்று தட்டும். இந்த வகையில் ஸ்பிரிங்கை அமுக்கித் திறக்க வேண்டும். சரியான கம்ப்ரசர் இல்லாமல் கயிறு, கம்பி கட்டிச் செய்யும் பட்டறையில் அந்த வேலையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும்.

தலையில் வைக்கும் ஸ்பேசரின் தடிமனும் கிடைக்கிற உயரமும் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். ஷாக்கின் அடி போல்ட் கீழ் ஆர்மின் நடுவில் எங்கோ இருக்கிறது, சக்கரம் நுனியில் இருக்கிறது. ஆர்ம் சேஸிஸில் மாட்டும் ரப்பர் புஷ்ஷிலிருந்து ஷாக் போல்ட் வரை 240 மி.மீ., புஷ்ஷிலிருந்து பால் ஜாயின்ட் வரை 400 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 400-ஐ 240-ஆல் வகுத்தால் 1.67. அப்போது 24 மி.மீ. ஸ்பேசர் 40 மி.மீ. தூக்கும், 50 மி.மீ. ஸ்பேசர் 83 மி.மீ. தூக்கிவிடும். ‘ரெண்டு இன்ச் லிஃப்ட்’ என்று 2 இன்ச் கட்டையை வைத்துவிட்டு, மூன்றரை நாள் கழித்து பூட் கிழிந்தது ஏன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் பதில். உங்கள் வண்டியில் டேப் பிடித்து இந்த இரண்டு நீளத்தையும் நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பூட் கிழிவது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிந்தால் கிரீஸ் வெளியே வரும், செம்மண் சேறு உள்ளே போகும். அந்த மண்ணில் உள்ள மணல் ஜாயின்ட்டின் குண்டுகளை அரைத்துவிடும். திருப்பத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தபின் பூட் மாற்றிப் பயனில்லை, ஜாயின்ட்டே போயிருக்கும்.

ஆகவே உங்கள் தாருக்கு முன்னால் 40 மி.மீ. போதும். அதுவும் ஸ்பேசராக இல்லாமல், அந்த உயரத்துக்கென்றே செய்த ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்டாகப் போடுங்கள். செலவு கூடுதல்தான், ஆனால் ஷாக்கின் முழு நீட்டம் ஜாயின்ட்டுகளின் எல்லைக்குள் நிற்கும்படி அதில் கணக்குப் போட்டிருப்பார்கள். அதற்கு மேல் தூக்க வேண்டும் என்றால் கோணம் மாற்றிய அப்பர் ஆர்ம், முன் டிஃபரன்ஷியலைக் கீழே இறக்கும் பிராக்கெட் என்று போய்க்கொண்டே இருக்கும்.

பின்பக்கம் எளிது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற்றினால் உயரும். கவனிக்க வேண்டியது பேன்ஹார்ட் ராடு. ஒரு முனை சேஸிஸில், மறு முனை ஆக்சிலில். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது அதுதான். வண்டி உயர்ந்தால் அது சாய்ந்து ஆக்சிலை ஒரு பக்கம் இழுக்கும். 850 மி.மீ. நீள ராடு, முன்பே 50 மி.மீ. சாய்வு, அதன்மேல் 50 மி.மீ. லிஃப்ட் என்றால் நகர்வு ஏறக்குறைய 4.5 மி.மீ.; 75 மி.மீ. லிஃப்ட் என்றால் கிட்டத்தட்ட 8 மி.மீ. 4, 5 மி.மீ.யை விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் நீளம் மாற்றக்கூடிய ராடு போடுங்கள்.

வேலைக்கு விடும் முன் பழைய அளவை எழுதி வையுங்கள். டேங்க் நிறைய டீசல், டயரில் சரியான காற்று, சமதளம். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு மூலையிலும் அளவு எடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் உயரமும் சேர்ந்து குழப்பும். அலைன்மென்ட் கடைக்கும் லிஃப்டுக்கு முன்பே ஒருமுறை போய் கேம்பர், காஸ்டர், டோ மூன்றையும் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். காஸ்டரை வாய்விட்டுக் கேட்க வேண்டும். சக்கரத்தை இடமும் வலமும் திருப்பித்தான் அதை அளக்க முடியும் என்பதால் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். இந்த வண்டியில் கேம்பரும் காஸ்டரும் இன்னும் எவ்வளவு திருத்த இடம் இருக்கிறது என்றும் அப்போதே கேளுங்கள். எல்லையில் நிற்கிற வண்டியை மேலும் தூக்கினால் திருத்த வழியே இருக்காது.

மாட்டும்போது பலர் கவனிக்காத ஒரு விஷயம் ரப்பர் புஷ். ஆர்மின் புஷ்ஷில் உள்ள ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுக்கிய நிலையில் நின்றுவிடும். வண்டி சொன்ன உயரத்துக்கு இறங்காது, சில மாதத்தில் புஷ் கிழியும், அலைன்மென்ட்டும் நிற்காது. எல்லா ஆர்ம் போல்ட்டுகளையும் கையிறுக்கமாக விட்டு, வண்டியை நாலு சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை அமுக்கிவிட்டபின் டார்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். முறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை முழுதும் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். வயர், பிரீதர் குழாய் எதுவும் இழுபடக்கூடாது. எதிர்ச் சக்கரத்தை முழுதும் அமுக்கி டயர் எங்கே உரசுகிறது என்றும் பாருங்கள். மேலே தட்டும் பம்ப் ஸ்டாப் ரப்பரை டயர் உயர்ந்த அளவுக்குத் தாழ்த்த வேண்டும்.

அலைன்மென்ட்டுக்கு உடனே போகாதீர்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடி ஸ்பிரிங் அமர்ந்தபின் போங்கள். வரிசை இப்படி: முதலில் பின் ஆக்சில் சேஸிஸுக்கு நேராக இருக்கிறதா என்று பார்ப்பது, பிறகு முன்னால் காஸ்டர், பிறகு கேம்பர், கடைசியாக டோ. காஸ்டரையும் கேம்பரையும் தொட்டால் டோ மாறும் என்பதால் இந்த வரிசை மாறக்கூடாது. டோவை மி.மீ.யில் சொன்னால் ஏற்காதீர்கள். அதே 0.1 டிகிரி, ஜிம்னியின் 693 மி.மீ. டயரில் 1.2 மி.மீ., 834 மி.மீ. டயரில் 1.5 மி.மீ.; டயர் மாறிய வண்டிக்கு டிகிரிதான் நம்பகமானது. திரையில் எல்லாம் பச்சை வந்துவிட்டது என்பதும் போதாது. பச்சைக்குள்ளேயே இடது சக்கரம் ஒரு ஓரத்திலும் வலது சக்கரம் மறு ஓரத்திலும் நிற்கலாம்; அப்போது வண்டி இழுக்கும். காஸ்டர் குறைவான பக்கம் இழுக்கும், கேம்பர் அதிக பாசிட்டிவான பக்கம் இழுக்கும். நம் சாலை நடுவில் உயர்ந்து இடப்பக்கம் சரிவதால் இடது சக்கரத்தில் காஸ்டர் 0.3 முதல் 0.5 டிகிரி கூடுதலாக இருப்பது நல்லது. முடித்தபின் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரில் பூஜ்யம் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் நேராகப் போகும் வண்டியைத் திரும்புவதாக, வண்டி வழுக்காமல் காக்கும் இ.எஸ்.பி. நினைத்து, தேவையில்லாத இடத்தில் பிரேக் பிடிக்கும்.

சித்தப்பாவின் ஜிம்னிக்கு வருவோம். அதில் முன்னும் பின்னும் ஒரே கட்டை ஆக்சில், சுருள் ஸ்பிரிங். கட்டை ஆக்சிலில் லிஃப்டால் கேம்பர் மாறவே மாறாது, டோவும் மாறாது. இரு சக்கரமும் ஒரே கட்டையில் பூட்டியிருக்கின்றன, டை ராடும் ஆக்சிலோடுதான் போகிறது. ஜிம்னியில் கேம்பர் தப்பாகக் காட்டினால் அது லிஃப்டின் வேலை அல்ல. ஆக்சில் வளைந்திருக்கிறது, அல்லது சக்கரம் திரும்பும் அச்சில் உள்ள கிங்பின் பேரிங், ஹப் பேரிங் தேய்ந்திருக்கிறது. இங்கே மாறுவது காஸ்டர் மட்டும். ‘அலைன்மென்ட் பெர்ஃபெக்ட் சார்’ என்று கடையில் அனுப்பிய ஜிம்னி ரோட்டில் அலைவதற்குக் காரணம் இதுதான்: அவர்கள் அளந்த இரண்டும் மாறாதவை, மாறிய ஒன்றை அளக்கவில்லை.

முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் இரண்டு நீள ஆர்ம்களும் ஆக்சிலோடு இறுக்கமாகப் பிணைந்தவை. சேஸிஸ் உயரும்போது ஆர்ம் சாய்கிற கோணம் அப்படியே ஆக்சிலைச் சுழற்றிவிடும். 700 மி.மீ. ஆர்ம், 50 மி.மீ. லிஃப்ட் என்றால் 4 டிகிரி. காஸ்டரே சில டிகிரிதான் இருக்கும் வண்டியில் 4 டிகிரி போனால் மிச்சம் என்ன? மையம் தள்ளிய காஸ்டர் புஷ், அல்லது ஆர்மின் சேஸிஸ் முனையைத் தாழ்த்தும் பிராக்கெட், அல்லது கோணம் திருத்திய புது ஆர்ம் என்று ஏதாவது ஒன்று லிஃப்ட் செட்டோடு சேர்ந்தே வர வேண்டும். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. காஸ்டரை மீட்க ஆக்சிலைப் பின்னோக்கிச் சுழற்றினால், டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே குனியும், முன் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட் கோணம் மோசமாகும். ஷாஃப்டின் இரு முனை ஜாயின்ட்டுகளின் கோணமும் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் அதிர்வு வராது. ஆகவே இழந்த காஸ்டர் முழுவதையும் மீட்கப் பார்க்காமல், ஸ்டியரிங் தானாகத் திரும்புகிற அளவோடு நிறுத்துங்கள். ஜிம்னிக்கு 40 மி.மீ.க்குள் இருந்தால் இந்தப் போராட்டம் சமாளிக்கக்கூடியது. லிஃப்ட் போட்டபின் ஸ்டியரிங் வீல் கோணலாக நின்றால் டை ராடைத் தொடக்கூடாது, ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வரும் டிராக் லிங்கின் நீளத்தைத்தான் மாற்ற வேண்டும். 195/80 ஆர்15-லிருந்து 215/75 ஆர்15-க்குப் போனால் உயரம் 693-லிருந்து 704 மி.மீ. ஆகிறது, லிஃப்டே இல்லாமல் போடக்கூடிய அளவு அது.

ஜிப்ஸியில் லீஃப் பட்டை. எங்கும் மலிவாகச் செய்வது நீள ஷேக்கிள், அதாவது பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் தகடு. 2 இன்ச் நீளமான ஷேக்கிள் வண்டியை 1 இன்ச்தான் உயர்த்தும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. முனை இறங்குவதால் ஆக்சில் சுழலும். ஷேக்கிள் முன்முனையில் இருந்தால் காஸ்டர் குறையும், பின்முனையில் இருந்தால் கூடும். குறைந்ததைத் திருத்த ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் 2 அல்லது 4 டிகிரி ஆப்புத் தகடு வைக்கலாம். ஜிப்ஸியில் பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருப்பதால், காஸ்டர் கூட்ட வேண்டுமானால் தகட்டின் தடித்த முனை வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். பட்டை ஆக்சிலுக்கு மேலே இருக்கும்படி மாற்றிய வண்டியில் இது தலைகீழ், தடித்த முனை பின்னால். பட்டறையில் பட்டையைத் தட்டி வளைவேற்றுவதும் உண்டு. சூட்டுப் பதப்படுத்தல் இல்லாமல் தட்டிய பட்டை இறங்கிவிடும், இரு பக்கமும் ஒரே அளவில் இறங்காது, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யு போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இழுபட்டது மறுமுறை பிடிக்காது. 100 கி.மீ. கழித்து மீண்டும் முறுக்குங்கள். தளர்ந்த யு போல்ட்டால் சென்டர் போல்ட் முறிந்து ஆக்சில் பின்னுக்கு நகர்ந்த வண்டியை எந்த அலைன்மென்ட் மெஷினும் திருத்தாது.

பழைய ஜீப், பொலிரோ வகை வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கம்பி எல்.எஸ்.பி.வி. வால்வை இயக்கும். பாரம் ஏற்றினால் வண்டி தாழும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டும். வண்டியை உயர்த்திவிட்டால் எப்போதும் காலி வண்டி என்றே அது நினைக்கும். பின் பிரேக் குறைந்து பெரும்பாலும் முன் பிரேக்கே வேலை செய்யும். பிராக்கெட்டை லிஃப்ட் அளவுக்கு நகர்த்த வேண்டும். பலர் விட்டுவிடுகிற இது உயிர்ப் பிரச்சினை.

கட்டை ஆக்சில் வண்டிகளில் 60, 70-ல் ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் கட்டுப்பாடின்றி உதறும். லிஃப்டுக்குப் பின் இது வந்தால் உதறலை அடக்கும் ஸ்டியரிங் டேம்பரை மாற்றி மறைக்கப் பார்க்காதீர்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, இன்ஜின் ஓடும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டச் சொல்லி, கீழே இருந்து பேன்ஹார்ட் ராடின் போல்ட், புஷ், டை ராடு முனைகள், கிங்பின் பேரிங் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆட்டம் இருக்கும் இடத்தில் கை வைத்தால் தெரியும். அதன் பிறகு வீல் பேலன்ஸ், அதன் பிறகு காஸ்டர். ஓடும்போது உதறினால் சடன் பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரை விட்டு மெதுவாக வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ரிம் விஷயத்தில் அகலமும் ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் மாட்டும் முகம் தள்ளியிருக்கும் மி.மீ.) சேர்ந்துதான் கணக்கு. 7 இன்ச் அகலம், +20 ஆஃப்செட் ரிம்முக்குப் பதில் 8 இன்ச், 0 ஆஃப்செட் போட்டால், வெளி விளிம்பு சுமார் 33 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 7 மி.மீ. ஆர்மிலிருந்து விலகும். உள்ளே உரசல் தீரும். ஆனால் சக்கரம் திரும்பும்போது பெரிய வட்டம் போட்டு பம்பர் மூலையிலும் மட்ஃபிளாப்பிலும் உரசும். திரும்பும் அச்சுக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரமும் கூடுவதால் ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கைக் கையில் அடிக்கும், ஹப் பேரிங்குக்குச் சுமை ஏறும். உரசலை நிறுத்த ஸ்டியரிங் ஸ்டாப்பரைக் கூட்டினால் வண்டி திரும்ப அதிக இடம் கேட்கும். தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவில் இரண்டு முறை ரிவர்ஸ் எடுக்க வேண்டிவரும். ஸ்டெப்னியும் அதே அளவில்தான் இருக்க வேண்டும். இந்த வண்டிகளின் ஃபோர் வீலில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஒரு டயர் மட்டும் சின்னது என்றால் ஃபோர் வீல் போட்டதும், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

உயரம் கூடினால் கவிழும் வாய்ப்பும் கூடும். இரு சக்கர இடைவெளி 1520 மி.மீ., எடை மையம் தரையிலிருந்து 750 மி.மீ. என்றால் அசையாமல் நிற்கும் வண்டி ஏட்டுக் கணக்கில் 45 டிகிரி சாய்வு வரை தாங்கும். லிஃப்டும் டயருமாக மையம் 65 மி.மீ. ஏறினால் அது 43 ஆகும். மேலே கேரியரில் ரப்பர் ஷீட் கட்டினால், ஒரு பக்க மண் சரிந்தால், வளைவில் வேகம் இருந்தால் இந்த எல்லை பாதிக்கும் கீழே வந்துவிடும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தில் ஓட்டுபவர்கள் இதை அதிகம் யோசிக்க வேண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் இந்த மாற்றத்தைக் காரணம் காட்டும். வாரண்டி மிச்சமிருந்தால் கம்பெனி டீலரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். லிஃப்ட் இருக்கிறது என்று காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் இறங்கவும் கூடாது.

மாட்டியபின் 100 கி.மீ.யில் வீல் நட், யு போல்ட்; 1000 கி.மீ.யில் மறு அலைன்மென்ட். பக்கத்தில் கடல் இருக்கிற மாவட்டம் நம்முடையது. முட்டம், குளச்சல் பக்கம் நிற்கும் வண்டியில் கேம்பர் போல்ட் உப்புக்காற்றில் புஷ்ஷோடு ஒட்டிவிடும். அடுத்த முறை திருத்த கேஸ் கட்டர் வைத்து அறுக்க வேண்டிவரும். மாட்டும்போதே போல்ட்டின் தண்டில் காப்பர் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், மரையில் படாமல். முதல் மழைக்காலம் முடிந்ததும் இரு பக்க ஆக்சில் பூட்டையும் தண்ணீர் அடித்துக் கழுவி, மடிப்பை விரித்துப் பாருங்கள். விரிசல் மட்டும் என்றால் பூட்டை மாற்றிப் புது கிரீஸ் போட்டால் போதும்.